கத்தரிக்கோலால் வெட்டிய பாலம்

எங்கள் தெருத் தையற்காரர் ஒரு பாலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினார். பொம்மைப் பாலம் இல்லை. ஆட்கள் நடந்த, சைக்கிள் உருட்டிய, ஒருமுறை நாலு பேர் சேர்ந்து பீரோவைத் தூக்கிக்கொண்டு போன பாலம். வெட்டியதும் சட்டைத்துணி வெட்டுகிற அதே கத்தரிக்கோலால்தான். காலை பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தார், பதினொன்று அடிப்பதற்குள் முடித்துவிட்டார். நீங்கள் நம்பாவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருவிலேயே ஒருவர் நம்பவில்லை. அவர் சலூன்காரர். முப்பது வருஷமாகக் கத்தரிக்கோலோடு குடித்தனம் நடத்துகிறவர் நம்பாததை நீங்கள் மட்டும் எப்படி நம்புவீர்கள்?

தெருவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் வீடுகள், நடுவில் வாய்க்கால். பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். இந்தக் கரையில் ஒருவர் பலமாகத் தும்மினால் அந்தக் கரையில் காயும் துணி மறுபடி நனையும், அவ்வளவு அகலம்தான். ஆனால் நூற்றைம்பது காலடி நடப்பதற்குள் அதன்மேல் பதினேழு பாலங்கள். ஒருவர் செருப்புச் சேறு இன்னொருவர் பலகையில் பட்டது, ஒருவர் சைக்கிள் மணி இன்னொருவர் மதியத் தூக்கத்தைக் கெடுத்தது என்று சண்டைக்கு ஒரு பாலம் முளைத்து, கடைசியில் வீட்டுக்கு ஒன்றாகிவிட்டது. கான்கிரீட் பாலம் உண்டு, இரும்புக் கதவைப் படுக்கவைத்த பாலம் உண்டு. என்னுடையது பழைய பள்ளிக்கூடக் கரும்பலகை. மழை பெய்தால் அதில் ஏழாம் வாய்ப்பாடு இன்றைக்கும் தெரியும்.

பாலம் என்றால் எங்களுக்கு மேலே நடப்பதற்கு, கீழே போடுவதற்கு. காலை ஏழு மணிக்குப் பதினேழு கதவுகள் திறக்கும். பதினேழு பேர் இரண்டு பக்கமும் பார்ப்போம். பிறகு அவரவர் பாலத்தில் நின்று அவரவர் குப்பையைத் தண்ணீரில் தள்ளுவோம். ஐந்தாவது பாலத்தில் சலூன்காரர் ஒரு கறுப்புப் பையை முடிச்சுப் போட்டுத் தள்ளுவார். பன்னிரண்டாவதில் தையற்காரர் வெட்டுத்துணி மூட்டையைத் தள்ளுவார். பை மிதந்து அடுத்தவர் பாலத்துக்கு அடியில் நுழைந்துவிட்டால் அது நம்முடையது இல்லை. இப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் நாங்கள் யாரும் அதை மீறியதில்லை.

தையற்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. சுவரில் பல்லி இருந்தால் அந்த அறையையே பல்லிக்கு எழுதிக்கொடுத்துவிடுவார். இடி இடித்தால் தையல் இயந்திரத்துக்கு அடியில் உட்கார்ந்து கையால் மிதியை அமுக்குவார். தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். வாளியில் முக்கால்வாசிக்குமேல் இருந்தால் கொட்டிவிட்டுத்தான் குளிப்பார். அவருக்கு வீரம் வருவது ஒரே ஒரு விஷயத்தில்தான், அது அவருடைய பெரிய கத்தரிக்கோல். அதில் யாராவது காகிதம் வெட்டினால் மூன்று நாள் சாப்பிடமாட்டார்.

அவருடைய அக்கா பதினோராவது வீடு. சட்டைக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பது அவர் தொழில். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்கும் அக்காவுக்கும் ஒரே பலகைதான் பாலம். ஒருநாள் அதன்மேல் நின்று மூட்டையைத் தள்ளும்போது அக்கா பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, வாய்க்கால் என்ன உன் மாமனார் வீட்டுக் கோணிப்பையா? இனிமே என் பலகையில நின்னு ஒரு நூல் போட்டே, உன்னையும் சேத்துத் தள்ளிடுவேன்."

"உன் பலகை உனக்கே இருக்கட்டும். நான் தனியா ஒரு பாலம் போட்டு, அதுல நின்னு போட்டுக்கறேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்!"

சொன்னபடி செய்தார். அவருக்குக் கொத்து வேலை தெரியாது, தச்சு வேலை தெரியாது. அதனால் பாலத்தைத் தைத்தார். தார்ப்பாய்த் துணியை ஏழு மடிப்பாக மடித்து, மெழுகு நூலால் தைத்து, நாலு பட்டைகள். இரண்டு கரையிலும் இரும்புக் கம்பங்களை நட்டுப் பட்டைகளை இழுத்து மாட்டி, மேலே பதினாறு பலகைகள். "யானை வந்து இழுத்தாலும் என் தையல் விடாது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தையல் விடவில்லை. ஆனால் துணி தொய்ந்தது. முதல் வருஷம் தண்ணீருக்கு மேலே இரண்டு அடி உயரத்தில் இருந்த பாலம், பதினோராவது வருஷம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மேலிருந்து வருகிற எதுவும் அதைத் தாண்டிச் சுலபமாகப் போகாது. தாண்டாததைத் தையற்காரர் ஒரு கழியால் அடியில் அமுக்கிவிடுவார்.

அக்காவோடு பேச்சும் அன்றைக்கே நின்றது. சட்டைகளைப் பொத்தான் வைக்க நாலு தெரு தாண்டி அனுப்பினார். அங்கே வைத்த பொத்தான் நிற்கவில்லை. எங்கள் தெரு ஆண்கள் பதினோரு வருஷம் ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தோம்.

அந்த வருஷம் மூன்று நாள் விடாத மழை. அதற்கு முந்தின வாரம்தான் அக்கா வழுக்கி விழுந்து இடது காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு வாய்க்காலின் சத்தம் நின்றது.

மூன்று நாளாகக் காதைக் கிழித்த சத்தம் அது. அது குறைந்து குறைந்து வந்து, பிறகு இல்லாமலே போனது. சத்தத்தைக் கேட்டுப் பயப்படலாம். சத்தம் நின்றதைக் கேட்டு நான் பயந்தது அன்றைக்குத்தான். கரும்பலகைமேல் வந்து நின்று பார்த்தேன். பன்னிரண்டாவது பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் வாய்க்காலின் தரை தெரிந்தது. மேல்பக்கம் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். நடுவில் குப்பைச் சுவர். மூட்டைகள், பைகள், ஒரு நாற்காலி, உடைந்த வாளிகள், எல்லாவற்றுக்கும் நடுவே அடைப்பு வைத்ததுபோல ஒரு பழைய மெத்தை. பூப்போட்ட மெத்தை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீர் கரையேறி வீட்டு முற்றங்களில் இடுப்பளவு நின்றது. எல்லா வீட்டிலும் தரை உயரம்; அக்கா வீட்டில் மட்டும் இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். அவருடைய பலகை பிய்த்துக்கொண்டு வந்து தம்பியின் பாலத்தில் குறுக்கே சொருகிக்கொண்டது.

அக்கா வீட்டு ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"யாராவது இருக்கீங்களா? கட்டில் கால் முங்கிடுச்சு! கதவு வரமாட்டேங்குது!"

அக்கா வீட்டுக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. முற்றத்துத் தண்ணீர் அதை அமுக்கிக்கொண்டு நின்றது. தையற்காரர் மனைவியும் பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் இழுத்துப் பார்த்தார்கள். கைப்பிடிதான் கையோடு வந்தது. ஜன்னலில் இரும்புக் கம்பி. பின்பக்கம் கிடங்கு ஒன்றின் உயரமான சுவர். தீயணைப்பு நிலையத்துக்குப் பேசியவர், "வழியில மரம் விழுந்திருக்காம். ஒரு மணி நேரம் ஆகுமாம்" என்றார். அக்காவின் கட்டிலுக்கு ஒரு மணி நேரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சாலைப் பக்கம் நின்றவர்கள் யோசனைகளை வீசினார்கள். ஒருவர் கழியால் குப்பையைக் குத்தினார், கழி உடைந்தது. ஒருவர் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து பட்டையில் ஓங்கிப் போட்டார். ஈரத் துணியில் அரிவாள் எகிறி அவர் காதுக்குப் பக்கத்தில் திரும்பி வந்தது. அவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பங்குக்கு, "யாராவது ஏதாவது பண்ணுங்கப்பா!" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

தையற்காரர் தன் வாசற்படியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். மனைவி தண்ணீரில் நடந்து வந்து எதிரே நின்றார்.

"ஏங்க, அதைத் தைச்சது நீங்க. நீங்கதான் பிரிக்கணும்."

"அது பிரியாதுடி. ஏழு மடிப்பு!" பதினோரு வருஷம் பெருமையாகச் சொன்னதை அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னார்.

"அப்ப வெட்டுங்க. துணிதானே? நீங்க வெட்டாத துணியா?"

"தண்ணிடி... எனக்குத் தண்ணின்னா..."

"உள்ள அண்ணிக்கும் அதே தண்ணிதாங்க."

தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பெரிய கத்தரிக்கோலோடு வந்தார். மனைவி பள்ளிச் சீருடைத் துணியைப் பதினெட்டு மீட்டர் உருவி, முறுக்கி, ஒரு முனையைத் தங்கள் வீட்டு ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை அவர் இடுப்பிலும் கட்டினார். அந்த வருஷம் பள்ளிக்கூடம் முழுக்க லேசாகச் சேற்று வாசனை அடித்ததற்குக் காரணம் அதுதான்.

பட்டைகள் கம்பத்தைச் சுற்றுகிற இடம் தண்ணீருக்கு அடியில். அதனால் அவர் பாலத்தின்மேல் குப்புறப் படுத்து, பலகைகளின் இடுக்கு வழியே கையை விட வேண்டியிருந்தது. கரையில் கிடந்த அவர் கால்களின்மேல் மனைவி உட்கார்ந்துகொண்டார். பலகைகள் உயிருள்ள பிராணி மாதிரி அதிர்ந்தன. தையற்காரரின் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் எட்டாவது பாலம் வரைக்கும் கேட்டது.

"யாருடா அது பாலத்துல?" அக்காவின் ஜன்னலிலிருந்து குரல்.

"நான்தான்க்கா."

"நீயா? தண்ணிக்குள்ளயா? பொய் சொல்லாதே!"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது.

முதல் பட்டையில் கத்தரிக்கோல் வழுக்கியது. அவர் தன் தையலை விரலால் தடவிப் பார்த்து, மடிப்பு மடிப்பாக வெட்டினார். ஏழாவது மடிப்பு வெட்டுப்பட்டதும் பாலம் ஒருமுறை குலுங்கியது.

"தண்ணி எங்க வரைக்கும்க்கா?"

"கட்டில்மேல எந்திரிச்சு உக்காந்துட்டேன். கட்டு நனைஞ்சா டாக்டர் திட்டுவாருடா."

இரண்டாவது பட்டையின்போது ஏதோ ஒன்று அவர் கழுத்தில் குதித்து, சட்டைக்குள் இறங்கி, முதுகில் உட்கார்ந்துகொண்டது. தவளை. பல்லிக்கு அறையையே கொடுத்தவர் அந்தத் தவளையை முதுகில் சுமந்துகொண்டே இரண்டாவது பட்டையை முடித்தார். கத்தாததற்குக் காரணம் வீரம் இல்லை. வாய் நிறையத் தண்ணீர்.

"இருக்கியாக்கா?"

"இருக்கேன்டா. மெத்தை மிதக்குது. சீக்கிரம் பண்ணு." குரலில் இந்தத் தடவை டாக்டர் இல்லை.

மூன்றாவது பட்டை போனதும் பாலம் சாய்ந்தது. வாய்க்காலின் கனம் முழுக்க மிச்சமிருந்த ஒரே பட்டையில் ஏறி, அது வீணைக் கம்பிபோல விறைத்து முனகியது. "வந்துடுங்க, போதும்!" என்று மனைவியே கத்திவிட்டார். தண்ணீர் அவர் காதுக்குமேல் ஏறியது. தலையைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டு கூப்பிட்டார்.

"அக்கா!"

பதில் இல்லை.

"அக்கா! இருக்கியா?"

ஜன்னலில் ஒரு சத்தமும் இல்லை. அவர் கையை ஆழமாக விட்டு நாலாவது பட்டையைத் தேடினார். அப்போது விரல்களை ஏதோ சுற்றியது. மெத்தென்று, ஈரமாக, கொத்தாக. இழுத்தால் இன்னும் வந்தது. முடி.

மனிதத் தலைமுடி.

கதவு அடைத்திருக்கிறது, ஜன்னலில் கம்பி இருக்கிறது, அக்கா வெளியே வந்திருக்கவே முடியாது. இதையெல்லாம் யோசிக்கிற இடமா அது? அக்கா மூழ்கிவிட்டார், அக்காவின் முடிதான் கையில் இருக்கிறது என்று தையற்காரர் முடிவே கட்டிவிட்டார். அவர் தண்ணீருக்குள்ளேயே அழுதார் என்று நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ஆனால் அன்று வாய்க்காலின் மட்டம் இன்னும் அரை அங்குலம் ஏறியது, நான் பார்த்தேன்.

கத்தரிக்கோல் பட்டையில் பாதி இறங்கி அப்படியே மாட்டிக்கொண்டது. திருகாணியில் ஏதோ சுற்றி இறுக்கிவிட்டது. மூடவில்லை, திறக்கவும் இல்லை. அவர் இரண்டு கையாலும் இரண்டு வளையத்தைப் பிடித்து, உள்ளங்கைத் தோல் உரிய உரிய நெரித்தார். ஐந்தாவது மடிப்பு. ஆறாவது. ஏழாவது.

பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கதவு திறப்பதுபோலப் பாலம் சாலைப் பக்கமாகத் திரும்பியது. மூன்று நாள் மழை அந்த இடைவெளியில் ஒரே நேரத்தில் பாய்ந்தது. தையற்காரர் காணாமல் போனார். சீருடைத் துணி விறைத்தது. மனைவி இழுக்க, மனைவியை இரண்டு பேர் இழுக்க, சேறும் தவளையுமாக அவர் கரைக்கு வந்து விழுந்தார். கையில் கத்தரிக்கோல் இருந்தது.

எழுந்ததும் ஓடினார். முற்றத்துத் தண்ணீர் வடிந்திருந்தது. கதவை ஒரே இழுப்பில் திறந்தார்.

அக்கா கட்டிலின்மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் கூரை உத்தரத்தைப் பிடித்திருந்தன. கட்டுப்போட்ட கால் அந்தரத்தில். பற்களுக்கு நடுவே ஒரு துணிப்பை. தம்பியைப் பார்த்ததும் பையைத் துப்பினார்.

"கூப்பிட்டேனேக்கா! ஏன் பதில் சொல்லல?" தையற்காரர் அங்கேயே உட்கார்ந்து கேவினார்.

"வாய்ல பொத்தான் பை இருக்கும்போது எப்படிடா சொல்றது? ஐந்நூறு பொத்தான், தண்ணியில விட்டுடச் சொல்றியா?" அக்கா தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "அழாதே. சட்டையில ஒரு பொத்தான்கூட இல்லையே, எவன்டா தைச்சது உனக்கு? கழட்டிக் குடு."

இவ்வளவும் நடந்தபோது சலூன்காரர் சம்பந்தி வீட்டில் இருந்தார். இரண்டு நாள் கழித்து வந்தவரிடம் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னோம். அவர் சிரித்த சிரிப்பில் சலூன் கண்ணாடி ஆடியது.

"முப்பது வருஷமா இதைப் பிடிக்கறேன். கொஞ்சம் ஈரமா இருந்தா ஒரு மீசை ஒழுங்கா வெட்ட வராது. பாலத்தை வெட்டினாராம், பாலத்தை! பட்டை மக்கித் தானா அறுந்திருக்கும். இவரு பக்கத்துல படுத்திருந்திருப்பாரு."

கழுத்துக்குப் பின்னால் கத்தரிக்கோல் இருக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்? எல்லோரும் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு முடி வெட்டிக்கொண்டு வந்தோம்.

இதற்கிடையில் அக்கா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊன்றுகோலால் குப்பையை ஒவ்வொன்றாகக் காட்டி "இது யாருது?" என்று கேட்டு, அவரவர் கையாலேயே அள்ளவைத்தார். தையற்காரர் தன் வெட்டுத்துணியை அள்ளினார். பூப்போட்ட மெத்தை தெருக்கோடியில் ஒதுங்கியிருந்தது. அக்கா மூன்றாவது தடவை கேட்டபோது, "என்னோடதுதாங்க" என்று நான் சொன்னேன். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. பைகள் எல்லாம் கிழிந்து வெள்ளத்தோடு போயிருந்தன. அவற்றை யாருடையது என்று கேட்க வழியில்லை.

ஒரு மாதம் கழித்துத் தையற்காரர் கத்தரிக்கோலைச் சாணை பிடிக்க சலூனுக்கு வந்தார்; எங்கள் தெருவில் சாணைக்கல் இருப்பது அங்கேதான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பாதித் தலை முடிந்திருந்தது.

"வாங்க, பாலம் வெட்டி!" என்றார் சலூன்காரர். "இதானா அந்த மகா ஆயுதம்?"

"இறுகிப் போச்சுண்ணே. நாலாவது பட்டையில மாட்டினதுதான், அதுலேருந்து சரியா திறக்கல." தையற்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்குக் கையில முடி சுத்துச்சுண்ணே. அக்கா முடின்னு நெனச்சுட்டேன். இன்னமும் கனவுல வருது. எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியல."

சலூன்காரர் சிரித்துக்கொண்டே திருகாணியைக் கழற்றினார். இரண்டு அலகும் பிரிந்தன. நடுவிலிருந்து ஈர நாற்றத்தோடு ஒரு முடிச்சுருள் அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதில் கறுப்பு முடி இருந்தது, நரை இருந்தது, குழந்தையின் பூனை முடி இருந்தது. எல்லாம் ஒரே அளவாக, ஒழுங்காக வெட்டிய நுனிகள். அதில் செம்பட்டைச் சாயம் பூசிய கொத்து ஒன்றும் இருந்தது. எங்கள் தெருவில் அந்தச் சாயம் பூசுகிறவன் நான் ஒருவன்தான்.

அவர் என் தலையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். ஏழு மடிப்புத் தார்ப்பாயை வெட்டி அலகில் வரிசையாக விழுந்திருந்த பள்ளங்களை விரலால் தடவினார். மூலையில் முடிச்சுப் போட்டுத் தயாராக வைத்திருந்த கறுப்புப் பைமேல் கடைசியாக அவர் கண் போனது.

"அண்ணே?" என்றார் தையற்காரர்.

சலூன்காரர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷத்தில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அடுத்தவர் பாலத்துக்கு அடியில நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிட்டா, ஊரை விட்டே போயிடுச்சுன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சேன். அது எங்கயும் போகலப்பா. உங்க அக்கா வாசல்ல போய் உக்காந்துக்கிட்டு இருந்திருக்கு. நாம தள்ளிவிடற குப்பை, நமக்குத் தெரிஞ்ச யாரோ ஒருத்தர் மூச்சைத்தான் போய் அடைக்குது."

பிறகு எழுந்து, மூலையிலிருந்த கறுப்புப் பையை எடுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தார். கத்தரிக்கோலைத் துடைத்து இரண்டு கையாலும் தையற்காரரிடம் நீட்டினார்.

"நடந்துச்சுய்யா. இந்தக் கத்தரிக்கோல்தான் வெட்டுச்சு. நான் ஒத்துக்கறேன்."